உள்தாழ்ப்பாள்

மலேசியாவின் கிள்ளானில் இருக்கும் அந்த இல்லத்தில் சனிக்கிழமை என்றால் யாருக்காவது பிறந்தநாள். அங்கே வாழ்கிறவர்களுக்கு அல்ல, வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு. கேக், பலூன், பிரியாணிப் பொட்டலங்களோடு வந்து இறங்குவார்கள். அறிவுத்திறன் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள பெரியவர்கள் எல்லாரும் ஒரே நிற டீ-சட்டையில் கூடத்தில் உட்கார்ந்து, கைதட்டிப் பாட வேண்டும். பிறகு போட்டோ.

ரமணிக்கு நாற்பது தாண்டிவிட்டது. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவள். அம்மா இறந்த பிறகு இங்கே வந்தாள். பக்கத்து நாற்காலி முகுந்தனுடையது. ஆட்டிசம் உள்ள முகுந்தனுக்குப் பலூனைக் கண்டாலே நடுக்கம். எப்போது வெடிக்குமோ என்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடுவான். ஆனாலும் அவனை எழுந்து போக விடமாட்டார்கள். முன்வரிசை காலியாக இருந்தால் போட்டோ நன்றாக வராது என்பது நிர்வாகி கமலநாதனின் கட்சி.

அன்றைக்கு வந்தவர் சுங்கை பூலோவில் லோரி கம்பெனி வைத்திருக்கும் யுகேந்திரன். ஐம்பதாவது பிறந்தநாள். மனைவி ஷாமினி மெழுகுவர்த்தியைக் கொளுத்தினாள். யுகேந்திரன் கன்னத்தை உப்பினார். அதற்குள் ரமணி எட்டி ஊதிவிட்டாள்.

எல்லாரும் சிரித்தார்கள். மறுபடி கொளுத்தினார்கள். மறுபடியும் ஊதினாள். கமலநாதன் பாய்ந்து வந்து கேக்கைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டார்.

"ரமணி! அங்கிள்கிட்ட சாரி சொல்லு."

"அங்கிள், உங்களுக்கு வீடு இல்லையா?" என்றாள் ரமணி.

"இருக்கேம்மா."

"அப்புறம் ஏன் எங்க வீட்டுல வந்து பெர்த்டே பண்றீங்க? முகுந்தன் பயப்படுறான்."

யுகேந்திரன் முகுந்தனைப் பார்த்தார். கையிலிருந்த பலூனை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். ஷாமினிதான் சமாளித்தாள். "அப்ப நீங்க ஒரு நாளைக்கு எங்க வீட்டுக்கு வாங்க."

ரமணி எழுந்தாள். வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள். முகுந்தனும் பின்னாலேயே போய் மாட்டிக்கொண்டான்.

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னாங்க லா, ரமணி" என்றார் கமலநாதன்.

"சும்மாவா சொன்னீங்க, அக்கா?"

ஷாமினியால் ஆமென்று சொல்ல முடியவில்லை. வந்த விருந்தாளியிடம் முடியாதென்று சொல்லக் கமலநாதனாலும் முடியவில்லை. பராமரிப்பாளர் லோகேஸ்வரியைத் துணைக்குச் சேர்த்து அனுப்பிவைத்தார்.

சுங்கை பூலோ வீட்டில் முகுந்தன் உள்ளேயே வரவில்லை. வாசலில் நின்ற லோரியில் ஏறி, கண்ணாடியை மூடிவிட்டு உட்கார்ந்துகொண்டான். யுகேந்திரனும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார். "லோரி பிடிச்சிருக்கா தம்பி?"

"பேசாதீங்க" என்றான் முகுந்தன்.

பிறந்தநாளும் அதுவுமாக அவரை யாரும் அப்படி அதட்டியதில்லை. பேசாமல் இருந்தார். அது அவருக்கே நன்றாகத்தான் இருந்தது.

ரமணியோ வீட்டைச் சோதனை போட்டாள். ஐஸ்பெட்டியைத் திறந்தாள். கட்டிலில் குதித்துப் பார்த்தாள். பிறகு குளியலறைக்குள் போனவள் போனவள்தான். உள்ளேயிருந்து கிளிக், கிளிக் என்று சத்தம் மட்டும் வந்தது. ஷாமினி பயந்துபோய்த் தட்டினாள்.

"ஆளு இருக்கு!" என்றது உள்ளிருந்து குரல். அப்படி ஒரு சந்தோஷம் அந்தக் குரலில்.

வெளியே வந்ததும் ரமணி சொன்னாள்: "உங்க கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கு, அக்கா."

"அங்க இல்லையா?"

"இல்ல. யாரு வேணா தொறப்பாங்க. நான் பாட்டு பாடிக்கிட்டே குளிப்பேன். பாட்டு நின்னா உள்ள வந்துருவாங்க."

ஷாமினி லோகேஸ்வரியைத் திரும்பிப் பார்த்தாள். லோகேஸ்வரி தரையைப் பார்த்தாள். "நானும் சொல்லிப் பார்த்தேன்கா. பாஸ் கேக்கல."

லோரியிலிருந்து இறங்கி வந்த யுகேந்திரன் விஷயத்தைக் கேட்டதும் போனை எடுத்து, எல்லாரும் கேட்கும்படி வைத்துக் கமலநாதனைக் கூப்பிட்டார்.

"சேஃப்டிதான் சார்" என்றார் கமலநாதன். "உள்ள வழுக்கி விழுந்துட்டா யாரு பொறுப்பு?"

ரமணி போனைப் பிடுங்கினாள். "பாஸ், உங்க பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் இருக்கா?"

"இருக்கு."

"நீங்க விழமாட்டீங்களா?"

கமலநாதன் மூன்று தடவை இருமினார். லோகேஸ்வரி சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்குள் ஓடிவிட்டாள்.

"அவசரத்துக்கு வெளியிலேருந்தும் திருகித் திறக்கிற மாதிரி தாழ்ப்பாள் கடையில கிடைக்குது, பாஸ்" என்றார் யுகேந்திரன். "நாளைக்கு நானே வந்து மாட்டித் தரேன்."

மறுநாள் சொன்னபடியே திருப்புளியோடு வந்தார். பலூன் கொண்டுவரவில்லை. எல்லாக் கதவுக்கும் மாட்டி முடிக்கும் வரை கமலநாதன் பக்கத்திலேயே நின்று, "இதெல்லாம் வம்புல முடியும்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஆனால் திருகாணியை அவர்தான் எடுத்துக் கொடுத்தார். அடுத்த சனிக்கிழமை கூடத்துக்கு வர விருப்பமா என்று முகுந்தனை அவரே கேட்டார். வேண்டாம் என்றான். வரிசையில் ஒரு நாற்காலியைக் குறைத்துப் போட்டார்கள், அவ்வளவுதான்.

தாழ்ப்பாள் வந்த முதல் காலையில் ரமணி குளிக்கப் போனாள். வெளியே துண்டும் கையுமாக வரிசை நீண்டது. "ரமணி, எவ்ளோ நேரம் லா!" என்று கமலநாதன் கத்தினார். பாட்டு இல்லை. தண்ணீர் விழும் சத்தம் மட்டும் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் கை கதவுவரை போய், தட்டாமல் திரும்பியது.

நெடுநேரம் கழித்து, முகமெல்லாம் பவுடரோடு வெளியே வந்தாள் ரமணி. காத்திருந்த அத்தனை பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் பசியாறப் போனாள்.