சிவப்பு நூல் கட்டிய ஓட்டு டப்பா

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. லஸ் முனைக்குப் பக்கத்தில் ஷஃபியுல்லாவின் பழைய பேப்பர் கடையில், எடைக்குப் போட்ட சாமான்களுக்கு நடுவே கிடந்தது. போன மாதம், அதாவது 1949 ஆகஸ்டில், ஒரு பழைய அகராதி தேடிப் போன நான் ஒரு பிஸ்கட் டப்பாவோடு வீட்டுக்கு ஓடி வந்தேன். ஓடினேன் என்றால் நிஜமாகவே ஓடினேன். அடையாறு பஸ் பின்னால் வருகிறது என்பதுகூட மறந்துவிட்டது.

"இன்னா சார், ஒரு டப்பாவைப் பார்த்து இப்டி முழிக்கிறே?" என்றார் ஷஃபியுல்லா. "சாந்தோம் பக்கத்துலேர்ந்து ஒரு அம்மா எடைக்குப் போட்டுட்டுப் போச்சு. உள்ளாற வெறும் பேப்பர்தான் கீது. வேணும்னா எட்த்துக்கினு போ."

வெறும் பேப்பராம்! கேளுங்கள். டப்பாவைச் சுற்றிச் சிவப்பு நூல் கட்டியிருந்தது. மூடியின்மேல் '17' என்று ஒரு ரப்பர் முத்திரை. அதன் கீழே மையால், 'நிறுத்தி வைக்கப்பட்டது. டோரதி. 16-6-46.' உள்ளே சென்னை சரக்குப் பரிசோதகர் சங்கத்தின் விதிப் புத்தகம், ஒரு தீர்மானத்தின் நகல், குண்டூசி குத்திய பத்து ஓட்டுச் சீட்டுகள். அப்புறம் மடித்தது மடித்தபடியே, யாரும் பிரிக்காத நாற்பத்திரண்டு சீட்டுகள்.

நாற்பத்திரண்டு! எண்ணாமலே விட்ட ஓட்டு! இன்றைக்கும் அந்தச் சீட்டுகள் பிரிபடவில்லை. டப்பா இதோ என் மேஜைமேல், மசிக்கூட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எழுதும்போது இடது கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

2

ஆரம்பங்கள்.

'1946-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கச்சேரி ரோட்டில் ஒரு மாடி அறையில்' [வேண்டாம். கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி இருக்கிறது.]

'டோரதிக்கு அழத் தெரியாது' [பொய். யாருக்குத்தான் தெரியாது?]

'சரக்கைச் சோதிப்பவர்களைச் சோதிப்பது யார் என்று நாம் என்றாவது' [கட்டுரையாகிவிடும். ஆனால் ஆசையாக இருக்கிறது.]

சரி, கட்டுரையைக் கொஞ்சம் அனுமதியுங்கள், சீக்கிரம் முடித்துவிடுகிறேன். யுத்த காலத்தில் பட்டாளத்துக்குப் போன பூட்ஸ், கூடாரத் துணி, கயிறு, பித்தான் எல்லாவற்றையும் சென்னையில் பார்த்துப் பார்த்து முத்திரை குத்தியவர்கள் இருந்தார்கள். அவர்கள் சேர்ந்து ஆரம்பித்த சங்கம் இது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு நம்பர், ஒரு முத்திரை. சரக்கைச் சோதிக்க ஒரே முறை. மொத்தச் சரக்குக்கு லாட் என்று பெயர். அதிலிருந்து பத்தை எடுத்துப் பார். பத்தும் சரியென்றால் லாட் பாஸ். யுத்தம் முடிந்தது, ஆர்டர் முடிந்தது, பாதிப்பேர் வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். சந்தா மட்டும் முடியவில்லை. இந்தச் சங்கத்தால் நமக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்காத வாய் இல்லை. கட்டுரை முடிந்தது.

3

இப்போது டோரதி.

சாந்தோம்காரி. முப்பத்திரண்டு வயது. யுத்தத்தில் விளக்குச் சோதித்தவள். பிறகு மாம்பலத்தில் ஒரு ஸ்டவ் கம்பெனியில் வேலை. [கம்பெனிக்குப் பெயர் வைக்க மாட்டேன். வைத்தால் அந்தப் பெயரில் யாராவது நிஜமாகவே ஸ்டவ் விற்றுக்கொண்டிருப்பார்கள்.] பம்பு அடிக்கிற பித்தளை ஸ்டவ். அதைச் சோதிக்கிற வித்தை ரொம்ப சுலபம். நன்றாகப் பம்பு அடித்துத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்க வேண்டும். ஈயம் வைத்துப் பற்றவைத்த இடத்தில் குமிழி வந்தால் ஓட்டை. ஓட்டை ஸ்டவ் என்றால் ஏதோ ஒரு வீட்டில், ஏதோ ஒரு காலையில், புடவையில் தீ.

ஏப்ரல் மாதம் நானூறு ஸ்டவ் லாட் ஒன்று வந்தது. பஸ் கிடைக்காமல் அரை மணி தாமதமாக ஓடி வந்த டோரதியின் மேஜைமேல் மேஸ்திரி பத்து ஸ்டவ்வைத் துடைத்து வரிசையாக வைத்திருந்தார். சாம்பிளை அவளேதான் எடுக்க வேண்டும். அன்றைக்கு எடுக்கவில்லை. நேரமாகிவிட்டதே என்று அந்தப் பத்தையே முக்கினாள். பத்தும் தங்கம்.

முத்திரையைக் கையில் எடுத்தாள். வைக்கவில்லை. தாமதமாக வந்தது தன் தப்பு, அதைச் சரிக்கட்டத் தான் செய்தது இன்னொரு தப்பு என்று அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது. எழுந்துபோய்ப் பின்வரிசையிலிருந்து பதினொன்றாவதை எடுத்தாள். பம்பு அடித்தாள். முக்கினாள்.

குபுகுபுவென்று வந்தது பாருங்கள் குமிழி!

அதற்கப்புறம் அவளை யார் நிறுத்துவது? நாலு நாள். நானூறையும் ஒவ்வொன்றாக முக்கினாள். விரல் ஊறி வெளுத்துவிட்டது. முப்பத்தோரு ஓட்டை. சரக்கு ஏற்ற வேண்டிய ரயில் போயே போய்விட்டது. முதலாளி குதித்தார். "உங்க சங்கத்து ரூல் பத்துதானே? பத்தும் சரியா இருந்துதே! மீதியைப் பாக்கச் சொன்னது யாரு?" என்று கேட்டு, அன்று சாயங்காலமே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

4

டோரதி சங்கத்திடம் கேட்டது ஒன்றே ஒன்று. அவளுக்கு வேலை திரும்பக் கிடைக்கும்வரை உறுப்பினர் யாரும் அந்தக் கம்பெனி ஸ்டவ்வில் முத்திரை வைக்கக்கூடாது. ஓட்டுச் சீட்டில் எழுத வேண்டியது: வேண்டும் அல்லது வேண்டாம். சங்க முத்திரை இல்லாத ஸ்டவ்வைப் பெரிய கடைகள் வாங்காது, அதனால் இது சாதாரணத் தீர்மானம் இல்லை.

கூட்டத்துக்கு ஐம்பத்து மூன்று பேர் வந்துவிட்டார்கள். சந்தாவுக்குக்கூட இவ்வளவு பேர் வந்ததில்லை. டோரதி முன்வரிசையில் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் ஓட்டுப் போடவில்லை. தன் சரக்கைத் தானே பாஸ் செய்யக்கூடாது என்பது விதி.

தலைவர் ஸ்ரீனிவாசராகவன் மேல்துண்டைச் சரிபண்ணிக்கொண்டு பேசினார். "மிஸ் டோரதி, உங்க மேல நேக்கு ரொம்ப மரியாதை. ஆனா ரூல் புஸ்தகத்தை எழுதினவாளே நாமதான். பத்துன்னு எழுதிட்டு நானூறைப் பாத்துண்டு இருந்தா, நாளைக்கு எந்த முதலாளி நம்மளை உள்ளே விடுவான்?"

"அப்ப அந்த முப்பத்தொண்ணு யாரு வீட்டுக்குப் போயிருக்கும் சார்?" என்றாள் டோரதி.

கோதண்டபாணி எழுந்தான். கூடாரத் துணி சோதித்தவன். அவள் இடத்துக்கு வரச்சொல்லிக் கம்பெனி கொடுத்த கடிதம் அவன் சட்டைப் பையில் வெளியே தெரிந்தது. "யம்மா, உன்மேல எனக்குக் கோவம் இல்ல. எட்டு மாசமா வூட்ல சும்மா குந்திக்கினு கீறேன். எனக்கு மட்டும் வயிறு இல்லையா?"

[இந்தக் கோதண்டபாணியை வில்லனாக்கத்தான் முதலில் எழுதினேன். நாலு பக்கம். மீசைகூட வைத்தேன். அவன் 'வயிறு இல்லையா' என்று கேட்டதும் அத்தனையும் கிழித்துப்போட்டேன்.]

ஓட்டு நடந்தது. முதல் ஆளாகக் கோதண்டபாணி இங்க் பென்சிலை நாக்கில் நனைத்து எழுதி, டப்பாவில் போட்டான். கடைசியில் பின்பெஞ்சுக்காரர்கள், அவனோடு கூடாரத் துணி சோதித்த பத்துப்பன்னிரண்டு பேர், மொத்தமாக வந்து போட்டார்கள். கயிறு சோதிக்கும் சுப்புராயன் டப்பாவைத் திறந்தார். மேலாக இருந்த பத்துச் சீட்டை எடுத்தார். பிரித்தார்.

"வேண்டும் நாலு, வேண்டாம் ஆறு! லாட் ரிஜெக்ட்!"

தலைவர் தலையாட்டினார். எல்லோரும் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள்.

5

சிரிக்கிறீர்களா? நான் டப்பாவைத் திறந்த அன்று விழுந்து விழுந்து சிரித்தேன். ஓட்டை யாராவது சாம்பிள் எடுப்பார்களா! ஆனால் நாலு வருஷமாகக் காலையிலிருந்து மாலைவரை பத்து எடுத்து, பத்து பார்த்து, பத்தை நம்பியே பிழைத்த ஐம்பத்திரண்டு பேருக்கு அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. கை பழகிவிட்டது. பாதிப்பேர் படியிறங்கிவிட்டார்கள்.

டோரதி எழுந்து நின்றாள்.

"சுப்புராயன் சார், மீதி?"

"எந்த மீதி?" என்றார் சுப்புராயன். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

"டப்பாவுல இருக்கிறது. நீங்க குலுக்கக்கூட இல்ல சார். மேல இருந்த பத்தை எடுத்தீங்க. மேஸ்திரி எனக்கு எடுத்து வெச்ச மாதிரி!"

யாரோ 'ஐயையோ' என்றார். படியிறங்கியவர்கள் திரும்ப ஏறி வந்தார்கள். ஸ்ரீனிவாசராகவனுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன அசட்டுத்தனம் இது! சுப்புராயன், கொட்டுங்கோ மேஜைமேல. அத்தனையையும் எண்ணிடுவோம்."

6

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

முடிவு ஒன்று: கொட்டினார்கள், எண்ணினார்கள், டோரதி ஜெயித்தாள், கைதட்டல். எழுதிவிட்டு எனக்கே கண் கலங்கியது. ஆனால் மேஜைமேல் இருக்கும் டப்பா ஒப்புக்கொள்ளவில்லை. அதில் நாற்பத்திரண்டு சீட்டு இன்னும் மடித்தபடியே இருக்கிறதே!

முடிவு இரண்டு: எண்ண விடாமல் தலைவர் தடுத்தார். [அந்த மனுஷர் அப்படிப்பட்டவர் இல்லை. நானே படைத்தேன், எனக்குத் தெரியும்.]

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் சலிப்பில் அந்த விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். ஒன்பதாவது விதி. படித்துவிட்டு நாற்காலியிலிருந்து துள்ளியே விட்டேன்!

'சாம்பிள் எடுத்த விதத்தில் சந்தேகம் கொள்ளும் உறுப்பினர், சிவப்பு நூல் கட்டி, தமது முத்திரை இட்டு, அந்த லாட்டை நிறுத்தி வைக்கலாம். அவரே நூலை அவிழ்க்கும்வரை, அது சம்பந்தமான எந்தச் சரக்கிலும் எந்த உறுப்பினரும் கை வைக்கக்கூடாது.'

எந்தச் சரக்கிலும்! எந்த உறுப்பினரும்! ஓட்டு டப்பாவும் ஒரு லாட்தானே, அது சம்பந்தமான சரக்கு அந்த ஸ்டவ்தானே!

7

சுப்புராயன் டப்பாவைக் கவிழ்க்கப் போனார்.

டோரதி மேஜைப் பக்கம் வந்து நின்றாள். இன்னும் இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும். இத்தனை வருஷம் கூட உட்கார்ந்து காப்பி குடித்தவர்களில் எத்தனை பேர் தன் பக்கம்? தெரிந்துகொள்ள அவளுக்கு எவ்வளவு ஆசை! ஜெயித்தால்? பரலோகம். தோற்றால் கோதண்டபாணி நாளைக் காலையில் மாம்பலத்துக்குப் போவான். மேஸ்திரி பத்து ஸ்டவ்வைத் துடைத்து வைத்திருப்பார்.

"கொட்டாதீங்க!" என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "ஒன்பதாவது விதி. நான் நிறுத்தி வைக்கிறேன்."

பத்துச் சீட்டைக் குண்டூசியால் குத்தி உள்ளே போட்டாள். கைப்பையிலிருந்து நூலை எடுத்தாள், சுற்றினாள், முடிச்சுப் போட்டாள். பதினேழாம் நம்பர் முத்திரையை மூடியில் ஓங்கி வைத்தாள். ஸ்ரீனிவாசராகவன் விதிப் புத்தகத்தைப் பிரித்தார், படித்தார், மறுபடி படித்தார். அப்புறம் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எழுதினது நான்தாம்மா," என்றார். "இப்படி ஒரு நாள் வரும்னு சத்தியமா நெனச்சு எழுதலை."

தீர்மானம் ஜெயிக்கவில்லை, தோற்கவும் இல்லை. நூல் அவிழும்வரை அந்தக் கம்பெனி ஸ்டவ்வைத் தொட ஐம்பத்து மூன்று பேரில் ஒருவருக்கும் உரிமை கிடையாது. அவள் கேட்டது அதுதானே!

கோதண்டபாணி மட்டும் கடைசிவரை நின்றான். கடிதத்தை எடுத்து நாலாக மடித்துத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டான். "நீ கட்னது டப்பாவை இல்லம்மா," என்றான். "என் கையை."

டோரதி டப்பாவை இடுக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

8

மீதியை வேகமாகச் சொல்கிறேன். மூன்று மாதம் முத்திரை இல்லாமல் ஸ்டவ் தேங்கியது. முதலாளி ஆள் அனுப்பினார்: 'வந்து எத்தனை வேண்டுமானாலும் முக்கிக்கொள்.' டோரதி போனாள். தனக்கு ஒரு துணைப் பரிசோதகர் வேண்டும், அது கோதண்டபாணிதான் என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனாள். [இது என் விருப்பம். டப்பாவில் ஆதாரம் இல்லை. வேண்டாமென்றால் அடித்துவிடுங்கள்.]

வேலை கிடைத்தபின் நூலை அவிழ்த்திருக்கலாம். சீட்டைப் பிரித்திருக்கலாம். மூன்று வருஷம் வீட்டிலேயே வைத்திருந்தும் பிரிக்கவில்லை. ஏன்?

என் ஊகம் இது. பிரிக்காதவரை, மாதக் கூட்டத்தில் யார் பக்கத்தில் வேண்டுமானாலும் அவளால் உட்கார முடிந்தது. இவர் வேண்டும் என்று எழுதியவர், அவரும்தான், பின்பெஞ்சும்தான் என்று நினைத்துக் காப்பி குடிக்க முடிந்தது. சங்கத்தால் என்ன பிரயோஜனம் என்று யாராவது கேட்டால் அவள் சிரித்திருப்பாள்.

அப்படியானால் ஏன் எடைக்குப் போட்டாள்? அதைத்தான் எனக்கு எழுதத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் உங்களிடம் மறைத்துவிட்டேன். நாற்பத்திரண்டில் ஒரே ஒரு சீட்டின் மடிப்பில் ஊதா நிறம் கசிந்திருக்கிறது. நாக்கில் நனைத்த இங்க் பென்சில். அந்த ஊதாவைப் பார்த்துத்தான் கோதண்டபாணியையே நான் உண்டாக்கினேன். வேலைக் கடிதம் பையிலும் பசி வயிற்றிலுமாக அந்த மனுஷன் என்ன எழுதினான்? வேண்டுமா, வேண்டாமா?

ஒரு மாதமாகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஷஃபியுல்லா கடையில் நூலை அவிழ்த்ததே நான் செய்த தப்பு, இதற்குமேல் என்னால் முடியாது. சுப்புராயன் பத்து எடுத்தார். இந்த ஊதாச் சீட்டு பதினொன்றாவது. இந்தாருங்கள், கையை நீட்டுங்கள். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.