வேலிக்கு வெளியே ஐம்பத்தெட்டு

கணினித் திரையில் என் நாத்தனாரின் நேரம் சிவப்பாக மாறியது. வீட்டில் அவளைக் கெண்டை என்போம். அணித் தேர்வில் நூறு மீட்டரை ஐம்பத்தெட்டு விநாடியில் நீந்தி முதலாவதாக வந்தவள். நீச்சல் சங்கத்தில் கணக்குப் பார்க்கும் நான் எழுதிய சூத்திரமே அவளை ஒதுக்கிவிட்டது.

சூத்திரம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நேரங்களை வரிசைப்படுத்தி, கால்வாசிப் பேர் முடித்த இடத்தில் ஒரு குறி, முக்கால்வாசிப் பேர் முடித்த இடத்தில் இன்னொரு குறி. இரண்டுக்கும் உள்ள இடைவெளியை ஒன்றரை மடங்காக்கி, இரு பக்கமும் அவ்வளவு தள்ளி வேலி போட வேண்டும். வெளியே விழுவதை நம்புவதில்லை.

“வாட்ச தப்பா அமுக்கியிருப்பாங்கம்மா. எடுத்துடுங்க,” என்றார் பயிற்சியாளர். “உங்க வீட்டுப் பொண்ணுன்னு உள்ள வெச்சா நாலு பேர் என்ன பேசுவாங்க?”

எனக்குச் சுருக்கென்றது. மாமியாரிடம் என்ன சொல்வேன்? வேலி எங்கே விழுந்தது என்று பார்த்தேன். 0.90. தொண்ணூறு விநாடியா? ஒரு நிமிடத்துக்குக் கீழே தொண்ணூறு விநாடி எங்கிருந்து வரும்?

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் குளத்தில் நிமிடத்துக்கும் விநாடிக்கும் நடுவே புள்ளி வைப்பதுதான் வழக்கம். 1.02 என்றால் ஒரு நிமிடம் இரண்டு விநாடி. கணினிக்கு அது தசமம். 0.58 அதைவிட நாற்பத்து நான்கு குறைவு என்று அது நினைத்துக்கொண்டது. உண்மையில் நாலே நாலு விநாடி.

எல்லாவற்றையும் விநாடியாக்கினேன். கால் குறி அறுபத்திரண்டு, முக்கால் குறி எழுபது. இடைவெளி எட்டு, ஒன்றரை மடங்கு பன்னிரண்டு.

“சார், வேலி ஐம்பதுல இருக்கு. இவ உள்ள கால் மேல கால் போட்டு உக்காந்திருக்கா.”

அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு இன்னொரு முறை.

“பேசறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். நீங்க போய் அவகிட்ட சொல்லுங்க.”

ஓட்டமும் நடையுமாகக் குளத்துக்குப் போனேன். பட்டியலிலிருந்து அவளை நீக்கிவிட்டார்கள் என்று யாரோ முந்திக்கொண்டு அவளிடம் ஓதியிருக்க வேண்டும்; நீரை அடித்து நொறுக்கிக்கொண்டு வந்தாள். சுவரோரம் குனிந்து, “அடியே கெண்ட, நீ உள்ளதான்டி இருக்க,” என்றேன். அவள் தலையைத் தூக்கவே இல்லை. தண்ணீருக்குள்ளேயே புரண்டு, சுவரை உதைத்து, என்னைத் தொப்பலாக நனைத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

நான் செருப்பை உதறிவிட்டு எதிர்க் கரைக்கு ஓடினேன்.