மஸ்கட்டிலிருந்து வந்த குளிகைகள்

செல்லக்கனிக்கு அது பிடிபடவே இல்லை. மஸ்கட் குளிகை போட்டால் தொண்டைவலி போய்விடுகிறது. போனது சீக்கிரமே திரும்பி வருகிறது. வரும்போது வயிற்றுப்போக்கையும் துணைக்குக் கூட்டி வருகிறது. நல்ல மருந்து என்று ஊரே சொல்கிறது. பின்னே உடம்பு ஏன் வாடிய கீரைத்தண்டாகத் துவண்டு கிடக்கிறது?

மணவாளக்குறிச்சியில் புதிதாகக் கட்டிய மாடி வீட்டில் அவள் தனியாக இருந்தாள். மகள் திருச்சூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள். கணவன் சுயம்புராஜ் மஸ்கட்டில் கிரேன் ஓட்டுகிறான். தனக்குச் சுகமில்லாதபோது கம்பெனி டாக்டர் தரும் ஆன்டிபயாடிக் குளிகைகளைப் பாதியில் நிறுத்தி, மிச்சத்தை ஊருக்கு வருகிறவர்களிடம் சோப்பு, பால்பவுடரோடு கொடுத்துவிடுவான். வெளிநாட்டு மருந்துக்கு ஊரில் தனி மதிப்பு.

ஒற்றை ஆளுக்கு உலை வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. காலையில் பால் விடாத கட்டன்சாயாவும் பன்னும், மத்தியானம் கடைப் பரோட்டா, ராத்திரிக்கு பிஸ்கட்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் சுயம்புராஜிடமிருந்து போன் வரும்.

"ஏட்டி, குளிகை போட்டியா?"

"போட்டேன்."

"செரியாயிரும். குமாரதாஸ் ஊருக்கு வாறான். இன்னும் கொஞ்சம் குடுத்து விடுகேன்."

உடம்பு சுகமாக இருக்கும் நாட்களில், 'வேற என்ன?' 'வேற ஒண்ணுமில்ல' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். சுகக்கேடுதான் அவனைக் கொஞ்சம் கூடுதல் நேரம் போனில் நிறுத்தி வைத்தது. குளிகை வேண்டாம் என்றால் அந்தக் குரலும் குறைந்துவிடுமோ என்று அவளுக்குப் பயம்.

ஒருநாள் துணி துவைக்கும்போதே மயங்கிச் சரிந்தாள். தெளிந்ததும் ஆட்டோ பிடித்து அரசு சுகாதார நிலையத்துக்குப் போனாள். என்ன மருந்து சாப்பிடுகிறாள் என்று டாக்டர் ஜாஸ்மி கேட்க, மஸ்கட்டில் கணவன் தின்னாமல் மிச்சம் பிடித்து அனுப்பியவை என்று சொல்லிக் குளிகைப் பையை மேசையில் கவிழ்த்தாள்.

"யம்மா! மஸ்கட்டுல கடையில மிச்சம் வச்சாவளா, இல்ல மொத்தமும் இங்க வந்துட்டா?"

செல்லக்கனிக்குச் சிரிப்பு வரவில்லை. டாக்டர் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டாள்.

"அக்கா, கன்னியாகுமரியில சீசனுக்கு லாட்ஜ் நெறஞ்சு கெடக்கும் இல்லியா? கள்ளன் வந்தாலும் 'ரூம் இல்ல'ன்னு அனுப்பிருவாவ. நம்ம குடலும் அப்படியாக்கும். கோடிகோடியா நல்ல பாக்டீரியா அங்க குடியிருக்கு. இந்தக் குளிகை நல்லது கெட்டது பாக்காது, பலதையும் காலி பண்ணிரும். ஒழிஞ்ச ரூமுல கெட்டது ஏறிக்கிடும். அதாக்கும் வயித்தால போவுது."

"அப்போ தொண்டைவலி போச்சே டாக்டர்?"

"அது பெரும்பாலும் வைரஸ். இந்தக் குளிகை வைரஸைத் தொடவே தொடாது. தன்னால போனதுக்கு மஸ்கட்டுக்குப் பேரு!"

டாக்டர் இன்னும் சொன்னாள். நோயை எதிர்க்கும் செல்களில் பெரும்பகுதி குடலை ஒட்டியே காவல் நிற்கிறது. எதைத் தாக்குவது, எதை விட்டுவிடுவது என்று அவற்றைப் பழக்குவதில் நல்ல பாக்டீரியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. பயற்றிலும் கீரையிலும் உள்ள நார்தான் இந்த நல்ல பாக்டீரியாவின் சாப்பாடு. அந்த நாரைத் தின்று அவை உண்டாக்கும் அமிலங்கள் குடல் சுவரைப் பலப்படுத்துகின்றன. செல்லக்கனியோ அவற்றைக் குளிகையால் கொன்றாள். தப்பியவற்றைப் பன்னால் பட்டினி போட்டாள். குளிகையைப் பாதியில் நிறுத்தும் சுயம்புராஜுக்கும் நோய் முழுதாகத் தீராமல் திரும்பி வரலாம் என்றாள் டாக்டர்.

வீட்டுக்கு வந்தவள் நெடுநாளைக்குப் பிறகு கஞ்சி வைத்தாள். தேங்காய் துருவிப் போட்டுச் சிறுபயறு துவரன் என்ற பொரியலைத் தாளித்தாள். மணம் காலி அறைகளில் எல்லாம் பரவியது. கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்தாள், கை எழவில்லை. போன் அடித்தது.

"ஏட்டி, குமாரதாஸ் நாளைக்கு பிளைட் ஏறுகான். குளிகைய..."

"வேண்டாம். குடுத்து விடாதீங்க."

சுயம்புராஜ் தாழ்ந்த குரலில், "நான் தின்னாம ஒனக்குன்னு வச்சதாக்கும்" என்றான்.

"தெரியும். அதுல ரெண்டுபேருக்கும் கேடு." டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள்.

"அப்போ நான் ஒனக்கு என்னத்தட்டி அனுப்ப?"

"ஒண்ணும் அனுப்பண்டாம். நான் கஞ்சி குடிச்சு முடியுற வர போனை வைக்காதீங்க. ஆளில்லாம சோறு எறங்கல்ல, அதனாலதான் பன்னைத் தின்னு கெடந்தேன். இனி ஒருத்தர் மருந்த இன்னொருத்தர் தின்னண்டாம். டாக்டர் தந்தா மட்டும் போடுவோம், சொன்னபடி முழுசா போடுவோம். பயறும் கீரையும் தின்னு குடலுல உள்ள நல்லதுகளக் காப்பாத்துவோம். அதுக நம்மளக் காப்பாத்தும்."