மிதிக்கத் தெரியாத பல் டாக்டர்

கப்பலில் வந்திறங்கிய சிவப்புக் கார் கொஞ்ச நாளிலேயே இருமத் தொடங்கியது. பந்தயத்துக்குப் பிறந்த இன்ஜின், தெருமுனை திரும்புவதற்குள் மூச்சு வாங்கினால் யார்தான் பொறுப்பார்கள்? கம்பெனிக்காரர்கள் கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்து, இன்ஜினையே மாற்றவேண்டும் என்றார்கள்.

"போதும்மா. சாயங்காலம் ஒருத்தர் பாக்க வரார், வித்துடலாம்," என்றான் கணவன்.

பல் டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டாள். நோயாளிகளை அவள் தினமும் திட்டுவது இதற்குத்தான். பள்ளிக்கூட நாளிலிருந்து ஆசைப்பட்ட வண்டி. அதை எவனோ ஓட்டிக்கொண்டு போவதா?

கடைவாய்ப்பல் பிடுங்க வந்த டாக்ஸிக்காரர், வாய் நிறையப் பஞ்சோடு ஒரு விலாசம் சொன்னார். டயர் கடைக்குப் பின்னால் ஒரு ஷெட். உள்ளே வாயைப் பிளந்துகொண்டு நின்றதெல்லாம் வெளிநாட்டு வண்டிகள். அவள் தன் வண்டியை நேரே உள்ளே விட்டாள்.

'மீசை' என்று ஊரே கூப்பிடும் அந்த மெக்கானிக் பானெட்டைத் தொடவேயில்லை. பக்கத்து சீட்டில் பேப்பரை விரித்து உட்கார்ந்தார்.

"ஓட்டுங்க. முதல்ல ஓட்டறவங்களப் பாப்பேன், அப்புறம்தான் வண்டி."

அவள் ஓட்டினாள். ஒவ்வொரு குழிக்கும் பிரேக், இரண்டாவது கியரைத் தாண்டாத பவ்யம். ஒரு சைக்கிள் மணியடித்துவிட்டு முந்திப் போனது. மீசை விழுந்து விழுந்து சிரித்தார்.

"தினமும் இப்படித்தானா?"

"கீறல் விழுந்துடுமேன்னு பயம் அண்ணே. வீடு விட்டா கிளினிக், அவ்வளவுதான்."

ஷெட்டுக்குத் திரும்பிப் பிளக்குகளைக் கழற்றினார். எல்லாம் அடுப்புக்கரி.

"தாலாட்டியே கெடுத்துட்டீங்க! மெதுவாவே ஓட்டினா இப்படித்தான் கரி படிஞ்சு அடைச்சுக்கும்," என்று புதுசு மாட்டினார்.

"அப்ப இன்ஜின் நல்லாத்தான் இருக்கா?"

"தெரியாது. இருக்கும்னு தோணுது, சத்தியம் பண்ண மாட்டேன். பைபாஸ்ல மிதிச்சுப் பாத்தாத்தான் தெரியும். நிஜமாவே போயிருந்தா நடுரோட்டுலயே நின்னுடும். சம்மதமா?"

வண்டியைப் பார்த்தவர்களில், தெரியாது என்று சொன்ன முதல் ஆள் இவர்தான். அந்த ஒரு வார்த்தைக்கே அவளுக்கு இவரை ரொம்பப் பிடித்துப்போனது.

பைபாஸ் வெறிச்சோடிக் கிடந்தது. அவள் மிதித்தாள். வண்டி ஒரு தடவை இருமியது. போச்சு, எல்லாம் போச்சு!

"காலை எடுக்காதீங்க!" என்று மீசை கத்தினார்.

எடுக்கவில்லை. மூன்றாவது கியர். திடீரென்று கார் உறுமியது. முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. நான்காவது! அவள் குழந்தை மாதிரிக் கூவினாள். கண்ணில் தண்ணீர் வேறு.

"போதும், போதும்மா! எனக்குப் புள்ளகுட்டி இருக்கு!" மீசை கைப்பிடியில் தொங்கினார்.

ஓரங்கட்டியபோது போன் அடித்தது.

"எங்க இருக்கே? அவர் வந்து காத்துக்கிட்டிருக்கார்," என்றான் கணவன்.

"அவர அனுப்பிடுங்க. நீங்க மட்டும் வாசல்ல நில்லுங்க, ஏத்திக்க வரேன். சீட் பெல்ட்ட நல்லா போட்டுக்கணும், ஆமா!"