நானூற்றுப் பன்னிரண்டில் ஒருவர்

எக்ஸ்ரேவுக்கு அந்தச் சேதி அம்மாவின் போன் வழியாகத்தான் வந்து சேர்ந்தது.

"டேய், மாப்பிள்ளை எழுதினதைப் படிச்சியா? படமெல்லாம் போட்டு எவ்வளவு அழகா இருக்கு பாரு. உன்னோடது மாதிரி இல்லடா, படிச்சா புரியுது."

அம்மா இதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. குத்திக்காட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். வெள்ளந்தியாகச் சொன்னாள். அதுதான் நேராக உள்ளே போய், காலை நீட்டி உட்கார்ந்துகொண்டது.

எக்ஸ்ரே என்பது அவனுடைய பட்டப்பெயர். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பதுதான் வேலை. காலை எட்டிலிருந்து மாலை நான்கு வரை ஆட்களைப் பலகையோடு ஒட்டி நிறுத்தி, "மூச்சை நல்லா இழுங்க... பிடிங்க... விடுங்க" என்பான். மிச்ச நேரமெல்லாம் 'அப்பால் நிலையம்'.

'அப்பால் நிலையம்' இருபத்தாறு வருடங்களுக்கு முன்னால் டிவியில் ஞாயிறு மதியம் வந்த விண்வெளித் தொடர். முப்பத்தொன்பது வாரம் ஓடியது. விண்கலம் நூலில் தொங்கும், நூலும் தெரியும். வேற்றுக்கிரக அரசியின் கிரீடம், தண்ணீர் வடிக்கும் சல்லடைக்கு வெள்ளி வர்ணம் அடித்தது. ரசிகர்களுக்கு அதெல்லாம் ஒரு குறையே இல்லை. பெரும்பாலானோர் நடிகர்களைப் பற்றி எழுதித் தள்ளினார்கள். எக்ஸ்ரே அவர்களை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. முகம் தெரிந்தவர்களைப் பற்றி எவன் வேண்டுமானாலும் எழுதலாமே.

அவன் எழுதியது திரைக்குப் பின்னால் நின்றவர்களைப் பற்றி. நிலையத்தின் தானியங்கிக் கதவு தானாக இயங்கவில்லை. இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். வலது கதவு யார், இடது கதவு யார், இருபத்திரண்டாம் வாரம் இடது கதவுக்காரர் காய்ச்சலில் படுத்தபோது அவருக்குப் பதில் இழுத்தது யார் என்பதெல்லாம் உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது. அதுதான் எக்ஸ்ரேயின் 'அப்பால் நிலையம்: பணியாளர் கையேடு'. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பேர், ஒன்பது வருட உழைப்பு. இணையத்தில் இலவசமாகக் கிடந்தது. இதுவரை அறுபத்தொரு தடவை திறக்கப்பட்டிருந்தது. அதில் பாதி, ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் அவனே திறந்தது.

மாப்பிள்ளையின் கையேட்டை மூன்று வாரத்தில் ஒன்பதாயிரம் பேர் படித்திருந்தார்கள்.

மாப்பிள்ளை என்றால் தங்கையின் கணவர். லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டுக்கு வந்தவர், பொழுது போகாமல் எக்ஸ்ரே சேர்த்து வைத்திருந்த பழைய பதிவுகளைப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு மச்சான்" என்றார். அந்தத் "தானே"வை எக்ஸ்ரே நான்கு வருடமாக மறக்கவில்லை. ஆனால் தங்கை புருஷனாயிற்றே, ஒரு வார்த்தை கூடக்குறையப் பேச முடியாது. "வாங்க மாப்ள, உட்காருங்க மாப்ள, ஃபேனைக் கூட்டி வைக்கவா மாப்ள." பொறாமைப்படுவதற்கு உலகத்தில் இதைவிட இடைஞ்சலான உறவு கிடையாது.

கையேட்டைத் திறந்தான். முதல் பக்கத்திலேயே வலது கதவுக்காரர். உயிரோடு, முழு உருவமாக, முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் அந்தக் கயிறு. அசல் கயிறு! அதன் தடிமன் என்ன என்று தெரிந்துகொள்ள எக்ஸ்ரே ஏழு வருடமாக, நிறுத்தி வைத்த காட்சிகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறான். மாப்பிள்ளையோ அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பல் தெரியச் சிரித்தார். படத்தின் கீழே ஒரு வரி: 'ஐயா வீட்டு லிஃப்ட் நாலாவது மாடியில் நின்றுபோனதால் கிடைத்த அறிமுகம்.'

லிஃப்ட் நின்றதாம். அறிமுகமாம்.

சாப்பிடும்போது மனைவி கேட்டாள். "பொறாமையா?"

"எனக்கா? நான் தகவல் துல்லியத்தைப் பத்தி யோசிச்சிட்டிருக்கேன்."

"அப்ப ஏன் வெறும் தட்டைப் பிசையறீங்க?"

குனிந்து பார்த்தான். சோறு தீர்ந்து வெகுநேரமாகியிருந்தது.

இதோடு போயிருந்தால் ஒரு மாதத்தில் ஆறியிருக்கும். ஆனால் அதே வாரம் ரசிகர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. தொடரின் படத்தொகுப்பாளராக இருந்த அம்மையார் தன் வீட்டைக் காலிசெய்து மகளோடு குடியேறப் போகிறாராம். அவரிடம் ஆறு அட்டைப்பெட்டி நிறைய அன்றாடப் படப்பிடிப்புத் தாள்கள் இருக்கின்றன. எந்த நாள், எந்தக் காட்சி, யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்று முப்பத்தொன்பது வாரத்துக்கும் கையெழுத்தோடு இருக்கிறது. ஆண்டுக்கூட்டத்துக்கு வரும்போது கொண்டுவருவார். அவர் சொல்லியனுப்பியது இது: 'இரண்டு கையேடுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். எது நம்பகமானதோ, அதை எழுதியவர் எடுத்துக்கொள்ளலாம்.'

எக்ஸ்ரே அந்தக் கடிதத்தை நின்றபடியே நான்கு தடவை படித்தான். அந்தப் பெட்டிகளுக்காக அவன் ஒரு சிறுநீரகத்தைக் கொடுப்பான். மாப்பிள்ளைக்குப் போகாமல் இருக்க இரண்டையும் கொடுப்பான்.

அப்போதுதான் பொறி ஞாபகம் வந்தது.

கையேடு தொகுப்பவர்களிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. உண்மையான ஆட்களுக்கு நடுவே, பிறக்கவே பிறக்காத ஒருவரை நுழைத்து வைப்பார்கள். எவனாவது அப்படியே சுட்டால் அவரையும் சேர்த்துச் சுடுவான், கையும் களவுமாகச் சிக்குவான். எக்ஸ்ரேயும் ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒருவரை வைத்திருந்தான். சொந்த ஊர், சேர்ந்த வருடம், குணநலன் எல்லாம் கொடுத்து, ஒரு வாரம் உட்கார்ந்து செதுக்கிய ஆள். வெளியே கசிந்துவிடக் கூடாது என்று எங்கும் குறித்து வைக்கவில்லை. மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. இதையா மறந்துவிடப் போகிறோம் என்று நினைத்தான்.

மறந்துவிட்டான்.

நானூற்றுப் பன்னிரண்டு பேரையும் வரிசையாக உட்காரவைத்து விசாரித்தான். அத்தனை பேரும் உண்மையானவர்களாகத் தெரிந்தார்கள். இரண்டாவது சுற்றில் அத்தனை பேரும் பொய்யாகத் தெரிந்தார்கள். மூன்றாவது சுற்றில்தான் ஒருவர் வசமாக மாட்டினார். மூச்சுக்காரர்.

கையேட்டில் இப்படி இருந்தது: 'விண்வெளி உடை அணிந்த காட்சிகளில் ஹெல்மெட்டுக்குள் கேட்கும் மூச்சுச் சத்தத்தை ஒலிவாங்கி முன் அமர்ந்து விட்டவர். ஆஸ்துமா உள்ளவர். பதினோரு வாரம் பணியாற்றினார்.'

எக்ஸ்ரே தொடையைத் தட்டினான். மூச்சுவிட யாராவது சம்பளத்துக்கு ஆள் வைப்பார்களா? இப்படி ஒரு ஆளைக் கற்பனை செய்ய யாரால் முடியும்? நாள் முழுக்க "இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பவனால்தான் முடியும். தொழில்புத்தி! மாப்பிள்ளையின் கையேட்டில் தேடினான். மூச்சுக்காரர் இருந்தார். அதோடு, ஆவி பிடிப்பதுபோல் துண்டைப் போர்த்திக்கொண்டு, முகமே தெரியாத ஒருவரின் புகைப்படம் வேறு.

"திருட்டு போதாதுன்னு போர்ஜரி வேறயா மாப்ள" என்று சுவரைப் பார்த்து மரியாதையாகச் சொன்னான். அன்று இரவு மூன்று வாரத்தில் முதல்முறையாக நன்றாகத் தூங்கினான்.

கூட்டம் ஒரு நூலகத்தின் மாடி அறையில், காலை பத்து மணிக்கு. நாற்பது நாற்காலி போட்டு முப்பத்தைந்து நிரம்பியிருந்தது. சங்கச் செயலாளர் மைக்கைத் தட்டிக்கொண்டே இருந்தார். படத்தொகுப்பாளர் அம்மா முன்வரிசையில் இருந்தார். குட்டை முடி, எழுபதைத் தாண்டிய வயது, ஆளை வெட்டுவதா வைப்பதா என்று யோசிப்பது போன்ற பார்வை. அவர் காலடியில் ஆறு பெட்டிகள். எக்ஸ்ரே அந்தப் பெட்டிகளைப் பார்த்த பார்வையை அவன் மனைவி பார்த்திருந்தால் விவாகரத்து கேட்டிருப்பாள்.

மாப்பிள்ளை பின்வரிசையிலிருந்து கையாட்டினார். "மச்சான், இங்க இடம் போட்டு வெச்சிருக்கேன்!"

"இருக்கட்டும் மாப்ள" என்றபடி எக்ஸ்ரே மைக்கை நோக்கி நடந்தான்.

பேச்சை ஒரு வாரம் மனப்பாடம் செய்திருந்தான். உழைப்பு என்றால் என்ன, திருட்டு என்றால் என்ன என்பதில் ஆரம்பித்து, பொறி வைக்கும் வழக்கத்தை விளக்கி, கடைசியில் குரலைத் தாழ்த்தினான்.

"இன்னொரு கையேட்டுல மூச்சுக்காரர்னு ஒருத்தர் இருக்கார். படத்தோட இருக்கார். எனக்குச் சொல்லவே வருத்தமா இருக்கு. அப்படி ஒருத்தர் கிடையவே கிடையாது. அவரை உண்டாக்கினவன் நான்."

அறை கப்சிப். அந்த அமைதியில் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. உள்ளே இழுக்கும்போது ஒரு சீழ்க்கை, வெளியே விடும்போது ஒரு கரகரப்பு. அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் மயிர்க்கூச்செறிந்தது. நிலையத்தின் தளபதி காற்றில்லாத வெளியில் மிதந்துபோகும் ஒன்பதாம் வாரத்துக் காட்சி அப்படியே காதில் கேட்டது.

சட்டைப்பையில் இன்ஹேலர் வைத்திருந்த ஒரு பெரியவர் மெதுவாக எழுந்தார்.

"என்னை உண்டாக்கினது நீங்கதானா தம்பி? எங்கம்மா வேற மாதிரி சொன்னாங்களே."

அறை வெடித்தது. செயலாளர் மைக்கைத் தூக்கிக்கொண்டு பெரியவரிடம் ஓடினார். "ஐயா, இன்னொரு தடவை விடுங்கய்யா!" அவர் விட்டார். கைதட்டல் அடங்க இரண்டு நிமிடம் ஆனது. அந்த இரண்டு நிமிடமும் எக்ஸ்ரே மேடையில், காலியான மைக் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு கம்பியாக நின்றான்.

படத்தொகுப்பாளர் அம்மா கையை உயர்த்தினார். சத்தம் நின்றது.

"தம்பி, ஒரு சந்தேகம். உங்க கையேட்டுல பொய்யா ஒரு ஆளை வெச்சது நிஜம்தானே?"

"நிஜம்தாம்மா."

"அவர் இந்த ஐயா இல்ல."

"இல்ல போலிருக்கும்மா."

"அப்ப யாரு?"

எக்ஸ்ரே மேலே பார்த்தான். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தும் எதுவும் ஞாபகம் வரவில்லை.

"தெரியலம்மா."

"நானூத்திப் பன்னெண்டு பேர். அதுல ஒருத்தர் பொய். யாருன்னு எழுதினவருக்கே தெரியாது." அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை, எண்ணிப் பார்ப்பதுபோலச் சொன்னார். "முப்பத்தொன்பது வாரமும் நான் அந்த மேசையில உட்கார்ந்து வெட்டினேன். உங்க கையேட்டுல என்னைப் பத்தின பக்கத்தையே இப்ப நான் சந்தேகப்படணும், இல்லையா?"

பெட்டிகள் மாப்பிள்ளைக்குப் போயின.

மாப்பிள்ளை இரண்டு பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் சொன்னார். "மச்சான் இல்லாம எனக்கு இந்தத் தொடரே தெரியாதுங்க. அவரும் கூட உட்கார்ந்து பார்ப்பார்." முப்பத்தைந்து பேரும் அதற்குத் தனியாகக் கைதட்டினார்கள். தோற்றதைக்கூட எக்ஸ்ரே தாங்கியிருப்பான். அந்தப் பெருந்தன்மை இருக்கிறதே, அதுதான் நெஞ்செரிச்சலைக் கிளப்பியது. மிச்சம் நான்கு பெட்டியை மாடியிலிருந்து காருக்கு இறக்கியதும் அவன்தான். நூலகத்தில் லிஃப்ட் இல்லை.

போகமாட்டேன் என்று இரண்டு ஞாயிறு பிடிவாதம் பிடித்தான். மூன்றாவது ஞாயிறு காலை ஒன்பது மணிக்குத் தங்கை வீட்டு வாசலில் நின்றான்.

கூடத்தில் பாய் விரித்து முதல் பெட்டியைப் பிரித்திருந்தார்கள். தாள்கள் மஞ்சளாகியிருந்தன, ஓரங்களில் டீ டம்ளர் வட்டங்கள். மாப்பிள்ளை ஒவ்வொரு பெயராக உரக்கப் படித்தார். எக்ஸ்ரே தன் கையேட்டின் அச்சுப்பிரதியில் டிக் அடித்தான். இந்தத் தாள்களில் இல்லாத ஆள் எவரோ அவர்தான் பொய். கண்டுபிடித்து, நீக்கி, கையேட்டைச் சுத்தமாக்கி, அந்த அம்மாவுக்கு அனுப்ப வேண்டும். இருநூற்றைத் தாண்டியபோது வாய் சும்மா இருக்கவில்லை.

"மாப்ள, தப்பா நினைக்காதீங்க. என் கையேட்டைப் பார்த்தீங்களா, எழுதும்போது?"

"பார்த்தேனாவா? முழுசாக் காப்பி அடிச்சேன் மச்சான்."

பேனா நின்றது.

"முதல்ல அப்படியே இறக்கிட்டேன். அப்புறம் ஒவ்வொருத்தராத் தேடிப் போனேன். விலாசம், போன், சொந்தக்காரங்கன்னு ஒவ்வொண்ணா. எல்லாரும் கிடைச்சாங்க, இல்ல அவங்க குடும்பமாவது கிடைச்சுது. முன்னுரையில உங்க பேர்தானே மொத நன்றி? படிக்கலையா?"

முன்னுரையை எக்ஸ்ரே படிக்கவில்லை. வயிற்றெரிச்சலில் நேரே படங்களுக்குப் போயிருந்தான்.

"ஒரே ஒரு ஆள் மட்டும் எங்கயும் இல்ல" என்றார் மாப்பிள்ளை. "நீங்க போட்ட ஊர்ல விசாரிச்சேன். சங்கத்துல கேட்டேன். ரெண்டு மாசம் அலைஞ்சேன். அப்புறம் எடுத்துட்டேன். உங்களுக்கு மனசு கஷ்டமாயிடும்னு சொல்லல. அன்னிக்கு மேடையில நீங்க பொறின்னு சொன்னதும்தான் எனக்கே விளங்குச்சு. அடுத்த நிமிஷமே கத்தியிருப்பேன், ஆனா நீங்க ஏற்கெனவே... சரி, விடுங்க. இப்பச் சொல்லட்டுமா?"

எக்ஸ்ரேயின் கண்முன் விரிந்தது: இன்னும் இருநூறு பெயர், இன்னும் ஐந்து பெட்டி, இன்னும் ஏழெட்டு ஞாயிறு. ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். மாப்பிள்ளையின் வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தை.

"வேணாம் மாப்ள."

"ரெண்டு நொடி மச்சான்."

"நான் உண்டாக்கின ஆளு. நானே கண்டுபிடிச்சுக்கறேன்."

"இன்னும் அஞ்சு பெட்டி இருக்கு."

"இருக்கட்டும். அடுத்த பேரைப் படிங்க."

சமையலறையிலிருந்து தங்கையின் குரல் வந்தது. "இதுக்கு ஏண்ணா இந்த வீம்பு? அது அந்த நட்சத்திரம்—"

"வாயை மூடுடி!"

"நம்ம அம்மாவுக்கே தெரியும்ணா. போன வாரமே சிரிச்சு உருண்டாங்க."

எக்ஸ்ரே இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். தங்கையின் உதடுகள் அசைந்தன. மாப்பிள்ளையின் தோள்கள் குலுங்கின. உதட்டைப் பார்த்தும் கண்டுபிடித்துவிடக்கூடும் என்று பயந்து கண்களையும் இறுக்கி மூடிக்கொண்டான். அப்படியே, தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னான்.

"படிங்க மாப்ள! இருநூத்தி ஏழு!"