பின்பக்க ஸ்பிரிங்

பிரிட்டா வீட்டை விட்டுப் போகப்போகிறாள் என்பது அவளுக்கு அடுத்தபடியாக அவர்களுடைய காருக்குத்தான் தெரிந்தது. பிறகு அவள் அக்காவுக்கு. பிறகு எதிர்வீட்டு ஜன்னல் திரைகளுக்கு. எல்லோருக்கும் கடைசியாகத் தெரிந்தது அவள் புருஷன் ஹோல்கருக்கு. இத்தனைக்கும் வாரம் தவறாமல் அந்தக் காரைத் தூக்கி நிறுத்தி, அடியில் நின்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவன் அவன்தான்.

ஹோல்கர் ஹெர்னே என்ற சுரங்க ஊரில் ஒரு பீர்க் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். வேலையில் பாரம் என்றால் என்ன, அது எங்கே உட்கார்ந்தால் எது சாயும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. வீட்டுக்கு வந்தால் அவனுடைய உலகம் ஒரு நீல நிற அஸ்ட்ரா கார். அதைத் தரையோடு தரையாக இறக்கி ஓட்டவேண்டும் என்பது அவன் வாலிபத்தில் பிடித்த பைத்தியம். நாற்பது தாண்டியும் தெளியவில்லை.

அந்த ஊரில் அது சுலபமான காரியமும் இல்லை. நூறு வருஷத்துக்கு மேல் அடியில் நிலக்கரி தோண்டியதில் மேலே தெருவெல்லாம் பழைய கட்டில் கயிறு போலத் தொய்ந்து கிடந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஹோல்கர் மிகவும் குட்டையான, இரும்பாய் இறுகிய ஸ்பிரிங் போட்டான். ரயில் கேட்டைத் தாண்டும்போது பிரிட்டாவின் காபி அவள் மடியில் கொட்டியது. அடுத்த சிக்னலில் இறங்கி, ஈரப் பாவாடையோடு வீட்டுக்கு நடந்தே போனாள். பின்னாலேயே காரை உருட்டிக்கொண்டு வந்த ஹோல்கர் ஜன்னல் வழியே, "கொஞ்சம் ஓடினா செட் ஆயிடும், ஏறு" என்றான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதனால் இந்தக் குளிர்காலத்தில் அவன் ஒரு சபதம் எடுத்திருந்தான். வண்டி தாழ்வாகவும் இருக்கவேண்டும், அவள் காபியும் சிந்தக்கூடாது. வசந்தத்தில் ஏரிக்கரையில் நடக்கும் முதல் கார்க் கூட்டத்துக்கு அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் போகவேண்டும். அவள் அவனோடு எங்கும் வராமல் ரொம்ப காலமாகியிருந்தது. அதற்கு நூறு காரணம் இருந்தது. ஸ்பிரிங் ஒன்றுதான் காரணம் என்று அவன் நம்பினான். ஸ்பிரிங்கை மாற்றுவது அவனால் முடிந்த காரியம் என்பதால்.

கார்த்திகை மார்கழி பூராவும் தேர்வு நடந்தது. ஸ்பிரிங்கை மட்டும் குட்டையாக்கி, அதன் ஆட்டத்தை அடக்கும் ஷாக்கைப் பழசாகவே விட்டால் ஷாக் பாதி அமுங்கிய நிலையிலேயே வேலை செய்து சீக்கிரம் செத்துப்போகும், இரண்டையும் ஜோடியாகத்தான் எடுக்கவேண்டும் என்று கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் சொன்னான். அவன் அப்பாவின் அடக்கத்துக்கு வந்திருந்த பாதிரியாரும் தப்பவில்லை. கடைசியில் கொஞ்சமே இறங்கும் மிருதுவான ஸ்பிரிங்கும் அதற்கேற்ற குட்டை ஷாக்கும் வாங்கிப் போட்டு, வண்டிச் சோதனை நிலையத்தில் காட்டி மாற்றத்தை வண்டிப் பத்திரத்தில் பதிந்தும் வந்தான்.

வியாழக்கிழமை மாலையில் பெட்ரோல் பங்கில் கூடும் கூட்டாளிகள் சும்மா விடுவார்களா?

"என்னடா ஹோல்கர், டயருக்கும் பாடிக்கும் நடுவுல பூனை குடித்தனம் பண்ணும் போலிருக்கே!"

"தாத்தா வண்டிடா இது. பின்சீட்டுல ஊன்றுகோல் வெச்சிருப்பான் பாரு."

"என் பொண்டாட்டி என்கூட வருவா. உங்க வண்டியில எவ ஏறுவா?" என்றான் ஹோல்கர். அதைச் சொல்லும்போது அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பாவம்.

எர்டாலின் பட்டறையில்தான் முதல் சங்கதி வெளியே வந்தது. எர்டால் அவனுடைய பள்ளிக்கூடக் கூட்டாளி. காய்கறித் தோட்டங்களுக்குப் பின்னால் ஒரு கொட்டகை, அதில் ஒரே ஒரு லிஃப்ட். மனைவி பிரிந்துபோனதிலிருந்து கொட்டகைக்கு மேலேயே படுக்கை. அவனுடைய கறுப்பு வண்டி அவ்வளவு தாழ்வு, அவ்வளவு இறுக்கம். பக்கத்து சீட்டில் பீர் பாட்டிலை வைத்தால் வீடு வருவதற்குள் பொங்கிவிடும். "உன் வண்டியில நாய்கூட ஏறாதுடா" என்று ஹோல்கர் சொல்வான். "ஏறாட்டி போகுது. குறை சொல்ல எனக்கு ஆளில்ல" என்பான் அவன்.

புது ஷாக் போட்டால் அதன் பளபளப்பான தண்டில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பட்டையைக் கட்டிவிடுவது அவர்கள் வழக்கம். ஷாக் அமுங்கும்போது பட்டையை மேலே தள்ளும். வண்டி நிமிர்ந்ததும் பட்டை மட்டும் அங்கேயே நின்றுவிடும். வண்டி எவ்வளவு அமுங்கியது என்று ஓட்டியவன் மறைத்தாலும் அது மறைக்காது. சனிக்கிழமை லிஃப்டில் ஏற்றிப் பார்த்தபோது முன்பக்கப் பட்டை இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. பின்பக்கத்தில் இரண்டு பட்டையும் உச்சியில், ரப்பர் கட்டையோடு ஒட்டிக்கொண்டு நின்றன.

எர்டால் விசில் அடித்தான். "பின்னாடி யாருடா ஏத்தினே? உன் மாமியாரையா?"

"யாரையும் ஏத்தல. நான் இந்த வாரம் தொடவே இல்ல. டிராம் ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கான்ல, செவ்வாயும் வெள்ளியும் அவதான் ஆஸ்பத்திரி வேலைக்கு எடுத்துட்டுப் போறா."

"அவ ஒருத்தி ஒக்காந்து இவ்வளவு அமுங்காது. நாலு ஆம்பளை ஏறின மாதிரி இருக்கு."

பட்டையைக் கீழே இறக்கி விட்டார்கள். அடுத்த சனிக்கிழமையும் அது உச்சியில்தான் நின்றது. அதற்கடுத்த வாரமும் அப்படியே. எர்டால் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"அவகிட்ட கேட்டியா?"

"கேட்டேன். வேலைக்குத்தான் போனேன்னா."

"நல்லாக் கேட்டியா?"

"என்ன நல்லா? ஸ்பிரிங்கு கோளாறுடா. தயாரிக்கும்போதே மெலிஞ்சிருக்கு."

எர்டால் சிகரெட் பற்றவைத்தான். பட்டு அறிந்தவன் அவன். ஆனால் கூட்டாளியிடம் இதை எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஹோல்கரோ பின்பக்க ஸ்பிரிங் ஒன்றைக் கழற்றி, பட்டறைத் தராசில் அமுக்கி அமுக்கிப் பார்த்தான். தயாரித்தவன் சொன்ன கணக்கு இம்மி பிசகவில்லை. அப்போதாவது புத்தி வரவேண்டுமே! அவன் தராசைச் சந்தேகப்பட்டான்.

அந்த வாரம் ஒருநாள் ராச்சாப்பாட்டுக்குப் பிறகு பிரிட்டா டிவியை அணைத்தாள். அவனுக்கு ஒரு பீரைத் திறந்து கொடுத்துவிட்டு, சோஃபாவில் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எத்தனையோ காலத்துக்கு அப்புறம்.

"ரயில் கேட் தாண்டும்போது பின்னாடி உரசுது, ஹோல்கர்."

அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டும். அவன் மனைவி வண்டியைப் பற்றிப் பேசுகிறாள்!

"நீயும் கவனிச்சியா? நான் சொன்னேன் எர்டால்கிட்ட! ஸ்பிரிங்குதான்!"

"ஹோல்கர், நான் உன்கிட்ட ஒண்ணு..."

"இரு இரு, ஒரு நிமிஷம். இதைப் பாரு மொதல்ல."

கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தான். இது பாதி வரைக்கும் மிருது, அதற்கப்புறம் இறுகும். இதற்கு இந்த ஷாக், இந்தத் திருகைத் திருப்பினால் கெட்டி, அந்தப் பக்கம் திருப்பினால் இளக்கம். ரப்பர் கட்டையை எவ்வளவு நறுக்கலாம், எவ்வளவு நறுக்கக்கூடாது. அந்த ஒரு நிமிஷம் பீர் தீர்ந்து அடுத்த பீரும் தீரும்வரை நீண்டது. பிரிட்டா கைகளை மடியில் கோத்தபடி உட்கார்ந்திருந்தாள். கடைசியில் கேட்டாள்:

"இதுல எது ஜாஸ்தி பாரம் தாங்கும்?"

"இதோ, இது. பின்சீட்டு, டிக்கி எல்லாத்தையும் ரொப்பினாலும் உரசாது. ஆனா காலியாப் போனா கொஞ்சம் தூக்கித் தூக்கிப் போடும்."

"இதையே போடு."

"உனக்குத் தூக்கிப் போடுமே?"

"பரவால்ல. போடு" என்றாள். எழுந்து போகும்போது அவன் தலைமயிரை ஒரு தரம் தடவிவிட்டுப் போனாள். அன்றைக்கு ஹோல்கர் சந்தோஷமாகத் தூங்கினான்.

பார்சல் வந்த அன்றே எர்டால் கொட்டகையில் வேலை முடிந்தது. சக்கரத்தைத் தொங்கவிட்டுப் போல்ட்டை முறுக்கினால் மூட்டில் இருக்கும் புஷ் ரப்பர் முறுகிக் கிழிந்துவிடும். அதனால் வண்டியைத் தரையில் இறக்கி, முன்சீட்டுகளில் ஆள் எடைக்கு மணல் மூட்டைகளை வைத்து, கடைசி முறுக்கு முறுக்கினார்கள். பிரிட்டாவின் சீட்டில் வைத்த மூட்டையிலிருந்து இரண்டு கை மணலை ஹோல்கர் அள்ளி வெளியே போட்டான். "இந்தக் குளிர்ல அவ கொஞ்சம் இளைச்சிட்டா" என்றான். அது மட்டும் கண்ணில் பட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை அவள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். "இப்ப நல்லா இருக்கு. உரசவே இல்ல. தேங்க்ஸ்."

மறுநாள் காலையில் எர்டாலிடம் ஓடினான். பட்டை பாதித் தண்டில், அளந்து வைத்த மாதிரி நின்றது. "பாத்தியா? பாத்தியா? ஸ்பிரிங்குதான்னு நான் அப்பவே சொல்லல?" என்று கொட்டகை அதிரக் கத்தினான். எர்டால் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னமும் பாரம் ஏறுதுடா" என்றான் மெல்ல. ஹோல்கர் காதில் அது விழவில்லை.

வீட்டுக்கு வந்து, மறுநாள் ஏரிக்கரைக் கூட்டத்துக்காகச் சக்கரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பிரிட்டா கோட்டு மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். கையில் ஒரே ஒரு கைப்பை. தெருமுனையில் அவள் அக்கா ஹைக்கேயின் சிவப்பு வண்டி எஞ்சின் அணைக்காமல் நின்றது.

"எங்க கிளம்பிட்ட? நாளைக்கு ஏரிக்கரை, ஞாபகமிருக்கா?"

"நான் வரல ஹோல்கர். பக்கத்து ஊர் ஹெர்டன்ல வீடு எடுத்திருக்கேன். இனி அங்கதான்."

அவன் சிரித்தான். "இந்தக் கைப்பையோடயா?"

"மத்ததெல்லாம் போயாச்சு."

"எதுல போச்சு?"

அவள் அவன் கையிலிருந்த துணியையும் அவன் துடைத்துக்கொண்டிருந்த பின்சக்கரத்தையும் பார்த்தாள். அவன் மூளை மெதுவாகக் கணக்குப் போட்டது. போட்டு முடித்ததும் அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை இதுதான்:

"அப்ப பழைய ஸ்பிரிங்குல கோளாறு இல்ல."

பிரிட்டாவின் கண் நிறைந்துவிட்டது. அது சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"அன்னிக்கு டிவியை அணைச்சிட்டு உன் பக்கத்துல வந்து ஒக்காந்தேனே, அதுவரைக்கும் நான் எதையும் முடிவு பண்ணல. சாமானை அக்கா வீட்டுலதான் போட்டு வெச்சிருந்தேன். பேசிப் பாக்கலாம்னுதான் ஒக்காந்தேன். நீ ஒரு நிமிஷம்னே. நானும் இருந்தேன், ஹோல்கர். உன் ரெண்டு பீர் தீர்ற வரைக்கும் இருந்தேன்."

சிவப்பு வண்டி போய்விட்டது. பின்பக்கம் கொஞ்சமும் அமுங்காமல் போனதை ஹோல்கர் கவனித்தான். அவனால் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

நிலவறைக்கு இறங்கிப் பார்த்தான். அவனுடைய டயர் அடுக்குக்குப் பக்கத்தில் அவளுடைய அலமாரி இருந்தது. தையல் மெஷின், அவள் அம்மாவின் பீங்கான் பெட்டிகள், புத்தக மூட்டைகள் எதுவும் இல்லை. காலியான பலகையில் தூசிகூடப் படிந்திருந்தது. வாரம் தவறாமல் அந்தப் பலகையைத் தாண்டித்தான் அவன் ஜாக்கியை எடுத்திருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் ஏரிக்கரைக்குப் போகவில்லை. காபி வாங்கிக்கொண்டு சும்மா சுற்றினான். காலி வண்டி. ரயில் கேட்டில் பின்பக்கம் எகிறிக் குதித்தது. காபி அவன் மடியில் கொட்டியது. இறங்கி நடந்துபோக அவனுக்கு வேறு வீடு இல்லை.

அங்கிருந்து நேரே கொட்டகைக்குப் போனான். எர்டால் வண்டியை லிஃப்டில் ஏற்றினான். பழைய மிருதுவான ஸ்பிரிங்கை மூலையிலிருந்து எடுத்து வந்து, "இதைத் திரும்பப் போட்டுடலாமா?" என்றான்.

ஹோல்கர் அதைக் கையில் வாங்கி வெகுநேரம் உருட்டிப் பார்த்தான். குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து அவளுக்காகத் தேர்ந்தெடுத்தது.

"ஒத்தை ஆளு மட்டும் போற வண்டிக்கு எதுடா நல்லது?"

எர்டால் வாசலில் நின்ற தன் கறுப்பு வண்டியைக் காட்டினான்.

"என் வண்டியில இருக்கிறதையே போட்டுக்க" என்றான்.