எல்லைக்கல்லுக்கு எந்தப் பக்கம்

1

இதைக் கட்டுரையாகத்தான் எழுத உட்கார்ந்தேன். தருமபுரி பிரிவதற்கு முந்தைய சேலம் ஜில்லா: ஓசூரில் ஒரு கால், காவிரிக் கரையில் ஒரு கால். அத்தனை ஜனத்தையும் ஒரே கலெக்டர் எப்படிக் கட்டி மேய்த்தார் என்று—

(வாக்கியம் அங்கேயே நிற்கிறது. ராசிபுரம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வந்த ராமாயி, தன் காட்டோரத்தில் 1958இல் நடந்ததைச் சொன்னாள். பிறகு கட்டுரை ஓடவில்லை.)

2

"மரியபுஷ்பம் பஸ்ஸை விட்டு இறங்கினாள்" என்று தொடங்கினேன். அடித்துவிட்டேன். அவள் இறங்கவில்லை, பஸ் நிற்கும் முன்பே குதித்தாள். கொத்து வேலைக்குச் சைக்கிளில் போன புருஷன் பாக்கியநாதனை லாரி அடித்துப்போட்டதாகச் சேலத்துக்குச் சேதி வந்திருந்தது.

ரோட்டோரம் கிடந்தான். முகத்தில் துண்டு. இடுப்புக்கு நேரே எல்லைக்கல். தலை சேலம் தாலுகாவில், கால் ராசிபுரம் தாலுகாவில்.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: பிணம் எந்த ஊர் எல்லையில் கிடக்கிறதோ, அந்த ஊர் மணியக்காரர்தான் போலீசுக்கு எழுத வேண்டும், விசாரணைக்கு நிற்க வேண்டும், கோர்ட்டுக்கு அலைய வேண்டும்.]

3

இரண்டு பக்கத்து மணியக்காரர்களும் நின்றிருந்தார்கள்.

"தலை உங்க பக்கமுங்க. தலை இருக்கிற பக்கந்தானுங்க கணக்கு" என்றார் ராசிபுரம் பக்கத்து அர்த்தநாரி.

"காலு உங்களுதுதானுங்களே?" என்றார் சேலம் பக்கத்துத் தீர்த்தகிரி.

அர்த்தநாரி கடப்பாரையை வாங்கினார். கல்லைப் பெயர்த்து, பாக்கியநாதனின் பாதத்துக்கு அப்பால் நட்டார். இப்போது முழு ஆளும் சேலம் தாலுகா. தீர்த்தகிரி விடுவாரா? அதே கல்லைப் பிடுங்கித் தலைமாட்டுக்கு அப்பால் கொண்டுபோனார்.

மரியபுஷ்பத்துக்கு அழுகை வரவில்லை. கல் தன் புருஷனைச் சுற்றி நடப்பதைப் பார்த்தபடி நின்றாள்.

(இங்கே நல்ல மனசுள்ள ஒரு தலையாரியைக் கொண்டுவரப் பார்த்தேன். ராமாயி சொன்னதில் அப்படி யாருமில்லை.)

4

முகத்து மண்ணையாவது துடைக்கலாமென்று துண்டை எடுத்தாள். புறங்கையில் சூடாக ஏதோ பட்டது. மறுபடியும் பட்டது.

"மாதாவே! மூச்சு வருதுங்க! உசுரு இருக்குதுங்க!"

கடப்பாரை அப்படியே நின்றது.

"துண்டு போட்டது யாருங்க?"

துண்டை அவர்கள் காலடியில் வீசினாள்.

"ஒருத்தராச்சும் தொட்டுப் பாத்தீங்களா?"

"ஆளு போயிட்டான்னு லாரிக்காரன் சொன்னானுங்க..." தீர்த்தகிரியின் குரல் பாதியில் செத்தது. அர்த்தநாரி தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

(முதல் மூன்று பிரதிகளில் நானும் அவனைப் 'பிணம்' என்றே எழுதியிருந்தேன். ராமாயி இந்த இடத்துக்கு வருவதற்குள் ஊர் வந்து இறங்கிவிட்டாள். மறுபடி தேடிப்போய்த்தான் கேட்டேன்.)

5

சேலம் போகும் பஸ் வந்தது. மரியபுஷ்பம் நடுரோட்டில் கையை விரித்து நின்றாள். டிரைவர் திட்டிக்கொண்டே பிரேக் போட்டார். தூக்கியவர்களில் ராமாயி ஒருத்தி.

"அப்பறம் என்னாச்சுங்க?" என்று ராமாயியைக் கேட்டேன்.

"பஸ்ஸு போனதுதான் பாத்தேன், சாமி. அந்தப் புள்ளை திரும்பி எங்க யாரையும் பாக்கலை."

ஆஸ்பத்திரி வாசலிலேயே போய்விட்டான் என்று ஒரு முடிவு எழுதினேன். படித்தபோது லாரிக்காரனுக்கும் இரண்டு மணியக்காரர்களுக்கும் அடுத்து நாலாவது ஆளாக நானும் ஒரு துண்டு போட்டமாதிரி இருந்தது. பிழைத்தான், நொண்டி நொண்டிச் சுவர் கட்டினான் என்று இன்னொன்று. அதில் அந்த இரண்டு மணியக்காரர்களும் நிம்மதியாகத் தூங்கப் போனார்கள். அதையும் கிழித்தேன்.

பஸ் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. அவன் தலை அவள் மடியில். பக்கத்தில் இடம் காலி, உட்காருங்கள். என்னைக் கேட்காதீர்கள். நெஞ்சில் கைவைத்துப் பார்த்துவிட்டு நீங்கள் சொல்லுங்கள்.